குழிக்கு முன்னால் அலமாரி: செயின்ட் மேரிஸ் சிட்டியின் மாணவர் பயிற்சி பற்றிச் சில குறிப்புகள்

தொல்லியல் பயிற்சி என்று சொன்னதும் நம்ம மனசில் வருகிற படம் ஒன்று உண்டு. சதுரக் குழி, சுற்றிலும் கயிறு, உள்ளே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிரஷ்ஷால் மண்ணைத் தட்டிக்கொண்டிருக்கும் ஒரு மாணவர். இந்தப் படம் முழுப் பொய் இல்லை. ஆனால் வேலையில் அது ஒரு சின்னப் பங்குதான். மற்ற பங்கு எங்கே நடக்கிறது, அதை யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பார்க்க எனக்குக் கிடைத்த நல்ல உதாரணம், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இருக்கும் 'ஹிஸ்டாரிக் செயின்ட் மேரிஸ் சிட்டி' என்கிற திறந்தவெளி அருங்காட்சியகம். அங்கே 1970களின் தொடக்கத்திலிருந்து கல்லூரி மாணவர்களுக்குக் கோடைகாலக் களப்பயிற்சி நடக்கிறது. அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்ட பயிற்சி. அது என்ன கற்றுக்கொடுக்கிறது, எதைக் கற்றுக்கொடுக்கவில்லை என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம்ம ஊரில் 'வரலாற்றுக் காலம்' என்றால் எழுத்து வந்ததற்குப் பிந்தைய காலம். தமிழி பொறித்த பானை ஓட்டிலிருந்தே அது ஆரம்பித்துவிடும். அமெரிக்காவில் 'வரலாற்றுத் தொல்லியல்' என்று சொல்வது வேறு. ஐரோப்பியர்கள் வந்த பிறகான காலம், அதாவது கடைசி ஐந்நூறு வருடம். ஆவணங்கள் இருக்கும், உயில் இருக்கும், நீதிமன்றப் பதிவு இருக்கும், அப்புறம் எதற்குத் தோண்டணும்? ஆவணத்தில் பெயர் ஏறாதவர்கள் மண்ணில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்பது ஒரு பதில். ஆவணம் எழுதினவரே பொய் சொல்லியிருக்கலாம் என்பது இன்னொன்று.

செயின்ட் மேரிஸ் சிட்டி 1634இல் உருவானது. லண்டனில் இருந்த பால்டிமோர் பிரபுவுக்காக அவர் தம்பி லெனர்ட் கால்வர்ட் தலைமையில் இரண்டு கப்பல்களில் வந்து இறங்கினார்கள். அப்போது அங்கே யோகமாகோ என்ற பூர்வகுடிகளின் ஊர் இருந்தது. வந்தவர்கள் முதலில் தங்கியது அந்த மக்களின் குடிசைகளில்தான். நம்ம சென்னையில் ஆங்கிலேயருக்கு இடம் கிடைத்தது 1639இல். இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே வயசு. ஆனால் விதி வேறு. 1690களின் நடுவில் மேரிலாந்தின் தலைநகரத்தை அனாபொலிஸுக்கு மாற்றிவிட்டார்கள். செயின்ட் மேரிஸ் காலியானது. மர வீடுகள் மக்கிப்போயின, செங்கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள், மேலே புகையிலையும் சோளமும் விதைத்தார்கள். சென்னை மேலே மேலே கட்டிக்கொண்டே போய்த் தன் 17ஆம் நூற்றாண்டைத் தானே விழுங்கிவிட்டது. இந்த ஊரோ உழவுமண்ணுக்கு அடியில் அப்படியே படுத்துவிட்டது. 1966இல் மாநில அரசு இதற்கென ஓர் ஆணையம் அமைத்தது. அதிலிருந்து ஆராய்ச்சி தொடர்ச்சியாக நடக்கிறது.

ப்ராஜெக்ட் வேலையாகச் சில வருடங்கள் அந்தப் பக்கம் இருந்தபோது இரண்டு மூன்று முறை போய்ப் பார்த்தேன். வாஷிங்டனிலிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரம். ஆற்றங்கரையில், பக்கத்துக் கல்லூரியின் கட்டடங்களும் அருங்காட்சியகமும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடக்கும். முதல் தடவை போகிறவர்களுக்கு எது எதுவென்றே தெரியாது.

இப்போது பயிற்சிக்கு வருவோம். இதன் அறிவிப்புகளில் என்னைக் கவர்ந்த விஷயம், தொடக்க நாட்களில் மாணவர்களை அருங்காட்சியகத்தின் சேகரிப்போடு உட்கார வைக்கிறார்கள் என்பதுதான். ஐம்பது வருடமாகத் தோண்டிச் சேர்த்த 17ஆம் நூற்றாண்டுப் பொருட்கள் அங்கே பெட்டி பெட்டியாக இருக்கின்றன. குடியேறிகளுடையதும் உண்டு, பூர்வகுடிகளுடையதும் உண்டு. ஓட்டைக் கையில் எடுக்கணும், உடைந்த விளிம்பைப் பார்க்கணும், உள்மண் என்ன நிறம், மேல்பூச்சு ஈயமா தகரமா உப்பா என்று சொல்லணும். ஆணி, ஜன்னல் கண்ணாடி, சிப்பி ஓடு, துப்பாக்கிக்கான சிக்கிமுக்கிக் கல் எல்லாம் கண்ணுக்குப் பழகணும். அதற்கு அப்புறம்தான் குழி.

ஏன் இந்த வரிசை முக்கியம்? குழியில் நிற்பவருக்குத் தெரியாத பொருள் மண்ணோடு சேர்ந்து வெளியே போய்விடும். அழுக்கு ஒட்டிய களிமண் குழாய்த் துண்டும் வேர்த் துண்டும் முதல் பார்வைக்கு ஒன்றுதான். ஒருவர் தோண்டும்போதே தேர்ந்தெடுக்கிறார். எதை வைக்கலாம், எதை எறியலாம் என்று சல்லடை முன்னால் ஒரு நொடியில் முடிவாகிறது. அந்த முடிவைப் பிறகு எந்த ஆய்வகத்திலும் திருத்த முடியாது. தோண்டுவது என்பது ஒரே ஒரு தடவை மட்டும் ஓடக்கூடிய ப்ரோக்ராம். இன்புட்டைப் படித்துக்கொண்டே அழித்துவிடும்.

இதற்கு மிகச் சரியான உதாரணம் சுங்கான். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து வெள்ளைக் களிமண் சுங்கான்கள் மூட்டை மூட்டையாக அமெரிக்காவுக்குப் போயின. மலிவானவை, எளிதில் உடையும், உடைந்தால் எறிந்துவிடுவார்கள். அதனால் அந்தக் காலத்து இடங்களில் எங்கே தோண்டினாலும் தண்டுத் துண்டுகள் குவியும். ஜேம்ஸ்டவுனில் பல வருடம் வேலை செய்த ஜே.சி. ஹாரிங்டன் 1954இல் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். தண்டின் துளை காலப்போக்கில் குறுகிக்கொண்டே வருகிறது என்பதுதான் விஷயம். அளவுகோல் என்ன தெரியுமா? சாதாரண ட்ரில் பிட். அங்குலத்தின் 64இல் ஒரு பங்கு கணக்கில் வருகிற ட்ரில் பிட்டுகளைத் துளையில் நுழைத்துப் பார்க்க வேண்டியது, எது சரியாகப் பொருந்துகிறதோ அதுதான் அளவு. 8/64 என்றால் 1620 முதல் 1650 வரை, 7/64 என்றால் 1650 முதல் 1680 வரை, 6/64 என்றால் 1680 முதல் 1710 வரை அதிகம் காணப்படும். 4/64க்கு வரும்போது 18ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதி.

1962இல் லூயிஸ் பின்ஃபோர்ட் இதை ஒரு நேர்கோட்டுச் சமன்பாடாக்கினார். துண்டுகளின் துளை அளவுகளைச் சராசரி எடுத்து, அதை 38.26ஆல் பெருக்கி, 1931.85இலிருந்து கழித்தால் வருடம் வந்துவிடும். சராசரி 7 என்றால் 1664. சராசரி 6 என்றால் 1702. எங்களைப் போன்ற ஆட்களுக்கு இதைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். பைத்தானில் நாலு வரி.

ஆனால் அந்த நாலு வரியில்தான் பொறியும் இருக்கு. சராசரிக்குப் பூஜ்யம் போட்டுப் பாருங்கள், 1931 வரும். அதாவது சமன்பாட்டின்படி 1931ஆம் வருடம் சுங்கானில் ஓட்டையே இருக்காது, பாவம், எப்படிப் புகைத்தார்களோ! 1780 வாக்கில் இது நம்பகத்தை இழக்கிறது. துண்டுகள் பத்து இருபது மட்டும் இருந்தால் பயனில்லை. இந்த எச்சரிக்கைகளை எல்லாம் புத்தகத்தில் படித்துவிடலாம். இன்னொன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். செசபீக் வட்டாரத்தில் உள்ளூரிலேயே செந்நிற, பழுப்பு நிறக் களிமண்ணில் செய்த சுங்கான்களும் கிடைக்கின்றன. அவற்றைச் செய்தது பூர்வகுடிகளா, ஆப்பிரிக்கர்களா, ஆங்கிலேய வேலைக்காரர்களா என்று இன்றும் விவாதம் உண்டு. அவற்றின் துளைக்கும் இங்கிலாந்துப் பட்டறைகளின் துளைக்கும் சம்பந்தம் இல்லை. ஆகவே கணக்குப் போடுவதற்கு முன் அவற்றைப் பிரித்து எடுக்கணும். தீயில் கருகிய வெள்ளைச் சுங்கானையும் உள்ளூர்ச் சுங்கானையும் குழப்பிக்கொண்டால் சராசரி நகர்ந்துவிடும். அளவில் ஒரு ட்ரில் பிட் நகர்ந்தால் காலத்தில் 38 வருடம் போகும். ஃபார்முலாவுக்கு உள்ளே போகிற எண்ணிக்கை ஒரு மனிதக் கண்ணின் தீர்ப்பு. அந்தக் கண்ணைத் தயார்செய்ய உதவுவது பெட்டி பெட்டியாகப் பார்த்த பழைய துண்டுகள். பல்கலைக்கழக வகுப்பறையில் பத்து மாதிரித் துண்டுகள் இருக்கலாம். பல்லாயிரக்கணக்கில் இருப்பது அருங்காட்சியகத்தில்தான். பயிற்சி அங்கே நடப்பதால் கிடைக்கும் நிஜமான லாபம் இது.

குழிக்குள் போனபிறகு நடப்பதும் சுவாரசியம். ஆரம்பகாலக் குடியேறிகள் கல் அஸ்திவாரம் போடவில்லை. மரக்கம்பங்களை நேராக மண்ணில் நட்டு வீடு கட்டினார்கள். கம்பம் மக்கிப்போன பின் மிஞ்சுவது ஒரு நிற வித்தியாசம் மட்டுமே. நடுவதற்குத் தோண்டிய பெரிய குழியின் மண் ஒரு நிறம், அதற்குள் கம்பம் நின்ற இடம் இன்னொரு நிறம். கரண்டியால் மெல்லச் சீவிவிட்டு, தண்ணீர் தெளித்து, மன்செல் வண்ண அட்டையோடு ஒப்பிட்டு, எல்லை கீறணும். நான் பார்த்த அன்று ஒரு மாணவி ஒரே ஒரு சதுரத்தை வெகு நேரம் சீவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற எனக்கு எல்லாம் ஒரே காப்பித்தூள் நிறமாகத் தெரிந்தது. அவர் கோடு கீறிக் காட்டியபின் அது தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

உழவுமண் விஷயத்தில் இந்த ஊருக்குத் தனிப் பெருமை உண்டு. ஏர் கலைத்த மேல்மண்ணில் எதற்கும் மதிப்பில்லை என்று நினைத்து, இயந்திரத்தால் வழித்தெறிந்துவிட்டு அடிமண்ணுக்குப் போகிற பழக்கம் பல இடங்களில் இருந்தது. ஏர் பொருட்களைப் புரட்டுமே தவிர வெகுதூரம் இழுத்துக்கொண்டு போவதில்லை. மேல்மண்ணையும் சதுரம் சதுரமாகச் சலித்து, வரைபடத்தில் ஏற்றினால் முற்றம் எது, குப்பை கொட்டிய பக்கம் எது, சமையல் நடந்த பக்கம் எது என்று தெரிகிறது. செயின்ட் ஜான்ஸ் வீடு, வான் ஸ்வேரிங்கன் விடுதி ஆகிய இடங்களில் 1970, 80களில் நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. ஜூலியா கிங்கும் ஹென்றி மில்லரும் 1987இல் வான் ஸ்வேரிங்கன் குப்பைகள் பற்றி எழுதிய கட்டுரையைப் படித்தால் போதும். இதே ஹென்றி மில்லர்தான் இந்த ஊர் தாறுமாறாக வளர்ந்த கிராமம் இல்லை, பரோக் பாணியில் முக்கோணங்களாகத் திட்டமிட்டுத் தெருப் போட்ட நகரம் என்பதைத் தடயங்களிலிருந்து மீட்டெடுத்தார். அந்தத் தடயங்களில் கணிசமானவை கோடைப் பயிற்சி மாணவர்கள் பல வருடங்களாகச் சலித்த மண்ணிலிருந்து வந்தவை.

மாலையில், மழை நாளில், ஆய்வகம். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஓடுகளைக் கழுவுவது, காய வைப்பது, இரும்பைத் தனியே எடுப்பது (இரும்பில் தண்ணீர் படக்கூடாது), ஒவ்வொரு துண்டிலும் பொடி எழுத்தில் எண் எழுதுவது, பட்டியலில் ஏற்றுவது. சலிப்பான வேலை. இதில்தான் எனக்கு மரியாதை அதிகம். அந்த எண்ணை எழுதினது இருபது வயசுப் பிள்ளை. நாற்பது வருடம் கழித்து வேறொருவர் அந்தப் பெட்டியைத் திறந்து, அந்த எண்ணை நம்பி ஒரு கட்டுரை எழுதுவார். பத்து வருடத்துக்கு முன்னால் யாரோ எழுதின கோடில், கமென்ட் இல்லாமல் தவித்த யாருக்கும் இதன் அருமை புரியும். பல்கலைக்கழக அகழாய்வுகளில் பேராசிரியர் ஓய்வு பெற்றதும் பெட்டிகள் அனாதையாவது உலகம் முழுக்க நடப்பதுதான். அருங்காட்சியகம் அப்படிக் கைகழுவ முடியாது. பொருளை வைத்துக் காப்பதுதான் அதன் பிழைப்பே.

சரி, பாராட்டு இதோடு போதும். இனி எனக்கு ஒத்துவராத இடங்கள்.

முதலில் பணம். இது கல்லூரி கிரெடிட் தரும் படிப்பு. கிரெடிட்டுக்குக் கட்டணம் உண்டு. வேறு விதத்தில் சொன்னால், வெயிலில் மண் சுமக்கும் மாணவர் அதற்காகப் பணம் கட்டுகிறார். கோடை விடுமுறையில் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க வேண்டிய கட்டாயம் உள்ளவருக்கு இது இரட்டை நஷ்டம். இது இந்த ஒரு இடத்தின் குறை இல்லை. அமெரிக்கத் தொல்லியலில் பொதுவான நிலை. லாரா ஹீத்-ஸ்டவுட், எலிசபெத் ஹானிகன் இருவரும் 2020இல் களப்பயிற்சிக் கட்டணங்களை எடுத்துக்கொண்டு, இந்தத் துறை ஏன் வசதியுள்ளவர்களின் துறையாகவே நீடிக்கிறது என்று எழுதினார்கள். களப்பயிற்சி இல்லாமல் அங்கே தொல்லியல் வேலை கிடைப்பது கடினம். ஆக, வாசலிலேயே வடிகட்டல். ஏழைகளின் எச்சங்களைத் தேடும் துறைக்கு ஏழை மாணவர் வர முடியவில்லை என்றால் அது வெறும் நிர்வாகப் பிரச்சினை இல்லை. எந்தக் கேள்வி கேட்கப்படும் என்பதையே அது பாதிக்கும்.

இரண்டாவது, எதைத் தேடக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பது. அருங்காட்சியகத்துக்குப் பார்வையாளர் வரணும். பார்வையாளருக்குக் கதை வேணும். இந்த ஊரின் பெரிய கதைகள் எல்லாம் பெரிய மனிதர்களின் கதைகள். 1990இல் செங்கல் தேவாலயத்தின் அடியில் மூன்று ஈயச் சவப்பெட்டிகள் கிடைத்தன. 1992இல் திறந்தார்கள். உள்ளே இருந்தவர் பிலிப் கால்வர்ட், அவர் மனைவி, ஒரு குழந்தை. ஆளும் குடும்பம். 2021இல் அறிவித்த பெரிய செய்தி, 1634இன் கோட்டை இருந்த இடத்தைக் கண்டுபிடித்தது. அதுவும் நிறுவியவர்களின் கதை. இரண்டும் அருமையான ஆய்வுகள், மறுக்கவில்லை. ஆனால் இதே நிலத்தில் 19ஆம் நூற்றாண்டில் ப்ரோம் குடும்பத்தின் பெரிய தோட்டம் இருந்தது, அதில் அடிமைகளாக வைக்கப்பட்ட மக்கள் வேலை செய்தார்கள். 'தலைநகரம்' இருந்தது சுமார் அறுபது வருடம். தோட்டமும் அடிமைமுறையும் அதைவிட நீண்ட காலம். பல பத்தாண்டுகள் 17ஆம் நூற்றாண்டுதான் இங்கே 'விஷயம்', மற்றதெல்லாம் அதன் மேலே கிடக்கும் மண் என்கிற மனப்பாங்கு இருந்திருக்கிறது.

இதை நான் சொல்லவில்லை. இந்த வட்டாரத்திலேயே வாழ்நாள் முழுக்க வேலை செய்த ஜூலியா கிங், 2012இல் வெளிவந்த 'ஆர்க்கியாலஜி, நரேட்டிவ், அண்ட் த பாலிடிக்ஸ் ஆஃப் த பாஸ்ட்' புத்தகத்தில் தெற்கு மேரிலாந்து தன் கடந்தகாலத்தை எப்படி அழகுபடுத்திச் சொல்லிக்கொண்டது என்று பிரித்து வைக்கிறார். தொல்லியலாளர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று உள்ளிருந்தே சொல்கிற துணிச்சல் அந்தப் புத்தகத்தின் பலம். பக்கத்துக் கல்லூரி 2016இல் விளையாட்டு மைதானம் கட்டப்போன இடத்தில் அடிமைகளின் குடியிருப்புத் தடயங்கள் கிடைத்தன. 2020இல் அங்கே ஒரு நினைவிடம் திறந்தார்கள். அருங்காட்சியகமும் இப்போது அந்தக் கதையைச் சொல்கிறது. ஆனால் இந்தத் திருப்பம் மெதுவாகத்தான் வந்தது. ஒரு பயிற்சியில் வருடக்கணக்காக எந்தப் பெட்டியை முதலில் திறக்கிறார்களோ அதுதான் மாணவரின் கண்ணைத் தீர்மானிக்கும். வெள்ளைச் சுங்கானை 'காலம் காட்டும் பொருள்' என்றும், உள்ளூர்ச் சுங்கானைக் 'கணக்கிலிருந்து நீக்க வேண்டியது' என்றும் முதலில் கற்றுக்கொண்ட ஒருவர், பின்னால் அந்த உள்ளூர்ச் சுங்கானைச் செய்த கையைப் பற்றி யோசிக்கத் தனியாகப் பாடுபடணும். பயிற்சியின் பலமும் பலவீனமும் ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன.

இங்கே மாணவர்கள் தோண்டுவதே ஒரு காட்சிப்பொருளாகவும் இருக்கிறது. டிக்கெட் வாங்கி வந்தவர்கள் கயிற்றுக்கு வெளியே நின்று கேள்வி கேட்பார்கள். "தங்கம் கிடைச்சுதா?" என்பதுதான் எல்லா ஊரிலும் முதல் கேள்வி. சிலர் இதைத் தொந்தரவு என்பார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு நாளில் பத்து தடவை, எதுவும் தெரியாத ஒருவருக்கு, கையில் இருக்கும் துருப்பிடித்த ஆணி ஏன் முக்கியம் என்று விளக்க முடியவில்லை என்றால் அந்த ஆணி உங்களுக்கே புரியவில்லை.

இனி நம்ம பக்கம். இதில் நமக்கு நேரடித் தொடர்புள்ள ஒரு கதை இருக்கு. 1944இல் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனார். அங்கே ஓர் அலமாரியில் கிடந்த ஜாடிக் கழுத்துத் துண்டை எடுத்துப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது, அது மத்தியதரைக்கடல் பக்கத்து ஆம்போரா என்று. எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேடு. அங்கே போய்ப் பாண்டிச்சேரி நூலகத்தில் இருந்த சேகரிப்பைப் பார்த்தால் இத்தாலியின் அரெட்டைன் ஓடுகள். 1945இல் அகழாய்வு, 1946இல் அறிக்கை. தென்னிந்தியாவின் ஆரம்ப வரலாற்றுக் காலத்துக்கு ஒரு உறுதியான காலக் கணக்கு கிடைத்தது. இதை வீலரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்தக் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது குழியில் இல்லை, அலமாரியில். அலமாரியைத் திறந்து பார்க்கத் தெரிந்த கண் ஒன்று வரும் வரைக்கும் அந்தத் துண்டு சும்மாதான் கிடந்தது.

வீலர் நல்ல பயிற்சியாளர்தான். 1944இல் தட்சசீலத்தில் அவர் நடத்திய பயிற்சிப் பள்ளியில் தேறியவர்கள் அடுத்த தலைமுறை இந்தியத் தொல்லியலை நடத்தினார்கள். ஆனால் அவர் வழியில் இன்னொன்றும் நம்மோடு தங்கிவிட்டது. மண் வெட்டுவது கூலியாட்கள், குறிப்பு எழுதுவது படித்தவர்கள். பல வருடம் மண்ணிலேயே நின்ற கூலியாளுக்கு மண்ணின் நிறமாற்றம் மாணவரைவிட நன்றாகத் தெரியும். அறிக்கையில் அவர் பெயர் வராது. ஆலிசன் மிக்கெல் 2021இல் எழுதிய 'ஒய் தோஸ் ஹூ ஷவல் ஆர் சைலன்ட்' புத்தகம் ஜோர்டானின் பெட்ராவிலும் துருக்கியின் சாத்தல்ஹுயுக்கிலும் இதையே ஆராய்கிறது. தனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் கூலியாளுக்கு லாபம் என்கிற நிலை எப்படி உருவாகிறது என்று அவர் காட்டும் பகுதி, நம்ம ஊர்க் குழிகளைப் பார்த்த எவருக்கும் உறைக்கும்.

இந்தக் கோணத்தில் பார்த்தால் செயின்ட் மேரிஸ் பயிற்சியில் மண்வெட்டியும் பேனாவும் ஒரே கையில் இருக்கின்றன. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் பணம் கட்டி வந்தவர் என்பது ஒரு அநியாயம். வெட்டுகிறவர் எழுதவே மாட்டார் என்பது இன்னொரு அநியாயம். இரண்டும் சமம் என்று நான் சொல்லமாட்டேன். முதலாவதை உதவித்தொகை கொடுத்துச் சரிசெய்யலாம். இரண்டாவதுக்கு ஒரு பழக்கமே மாறணும்.

நான் பேசிப் பார்த்த வரலாற்றுத் துறை மாணவர்கள், முதுகலைப் படிப்பவர்கள் உட்பட, பழைய ஓடு ஒன்றைக் கண்ணாடிக்கு வெளியே கையில் பிடித்ததில்லை. கீழடி அருங்காட்சியகத்தைப் பார்த்திருக்கிறார்கள், 2023 மார்ச்சில் திறந்த புதிதிலேயே பஸ் பிடித்துப் போனவர்கள் உண்டு. பார்த்தார்கள், செல்ஃபி எடுத்தார்கள், வந்தார்கள். அது அவர்கள் தப்பு இல்லை.

இந்தியாவில் அகழாய்வு செய்ய உரிமம் வேணும். ஒரு கல்லூரித் துறை நினைத்தவுடன் கரண்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப முடியாது, கிளம்பவும் கூடாது. ஆனால் ஏற்கனவே தோண்டி, பையில் கட்டி, கிடங்கில் வைத்த ஓடுகளைப் பிரித்துப் பட்டியலிட இன்னொரு குழி தேவையில்லை. கிடங்கின் பொறுப்பாளர் அனுமதித்து, கூட ஓர் ஓடு தெரிந்தவர் உட்கார்ந்தால் போதும். அதிலும் 17, 18ஆம் நூற்றாண்டு நம்மிடம் கிட்டத்தட்ட தொடப்படாத பகுதி. தரங்கம்பாடியில் டேனியர் கோட்டை 1620. பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கெல்ட்ரியா கோட்டை 1613. சென்னை 1639. செயின்ட் மேரிஸ் சிட்டியின் சமகாலத்து ஊர்கள். சீனப் பீங்கானும் ஐரோப்பியச் சாராயப் புட்டியும் சுங்கானும் உள்ளூர்க் குயவர் செய்த சட்டியும் ஒரே குப்பையில் விழுந்த காலம். கல்வெட்டுக்கும் சங்க காலத்துக்கும் நாம் கொடுக்கும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கு இந்தக் குப்பைக்குக் கொடுத்தாலே நிறைய வேலை இருக்கு.

வெள்ளைச் சுங்கானுக்கு ஹாரிங்டன் அட்டவணை இருக்கிறது. மேரிலாந்தின் தொல்லியல் பாதுகாப்பு ஆய்வகம் தன் இணையதளத்தில் ஓடு ஓடாகப் படம் போட்டு விளக்கம் வைத்திருக்கிறது, காசு கேட்பதில்லை. ஐரோப்பியச் சரக்கை அடையாளம் காண அதுவே போதும். நம்ம குயவர் செய்த 17ஆம் நூற்றாண்டுச் சட்டிக்கு அப்படியொரு பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். அதே அளவுக்கு விரிவாக, ஒரு மாணவர் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிற மாதிரி எதுவும் என் கண்ணில் படவில்லை. அந்தப் பக்கத்தை உண்டாக்குவதே ஒரு கோடைப் பயிற்சிக்குப் போதுமான வேலை: ஒரு மேசை, ஓடு தெரிந்த ஒருவர், பத்து மாணவர், கழுவின ஓடுகள் நாலு தட்டு, ஒரு ஸ்கேல், ஒரு கேமரா. மாணவர்களுக்குப் பஸ் காசும் மதியச் சாப்பாடும் நாம் கொடுக்கணும், அவர்களிடம் வாங்கக் கூடாது.